படிப்பு முடிந்த பிறகு வேலை: திருகோணமலையிலேயே தொடங்க வேண்டிய ஆயத்தம்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள். விசா கிடைக்குமா? போன உடனே பார்ட் டைம் வேலை கிடைக்குமா? படிப்பு முடிந்ததும் என்ன செய்யப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால், "அதை அங்க போய்ப் பார்ப்பம்" என்கிறார்கள். அங்கே போனால் பார்க்க நேரம் இருக்காது, சிக்கலே அதுதான். காணி உறுதியை ஈடு வைத்தோ நகையை அடகு வைத்தோ பிள்ளையை அனுப்புகிற வீட்டுக்கு இது சின்ன விஷயமும் இல்லை.

உவர்மலையிலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ இருந்துகொண்டு அடுத்த செப்டெம்பரில் விமானம் ஏற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரித்தானியாவைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். அங்கே மாஸ்டர்ஸ் ஒரே வருடம் என்பதால் காலம் மிகவும் குறுகியது. மற்ற நாடுகள் இடையிடையே வரும்.

முதல் வேலை: நாட்காட்டியை எடுங்கள்

செப்டெம்பர் கடைசியில் வகுப்புத் தொடங்குகிறது என்று வையுங்கள். பெரிய நிறுவனங்கள் பட்டதாரிகளை மொத்தமாகச் சேர்க்கும் கிராஜுவேட் ஸ்கீம்களுக்கு விண்ணப்பம் திறப்பதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். அவற்றில் பல நவம்பர், டிசம்பருக்குள் மூடிவிடும். வேலை தொடங்குவதோ அடுத்த வருடம் படிப்பு முடிகிற சமயத்தில். நீங்கள் குளிர்ச்சட்டை வாங்கி, வங்கிக் கணக்குத் திறந்து, பஸ் பழகி, முதல் அசைன்மென்ட் கொடுத்து நிமிரும்போது அந்தச் சுற்று முடிந்திருக்கும். ஜனவரியில் தேடத் தொடங்குகிறவருக்குச் சின்ன, நடுத்தர நிறுவனங்கள் மிஞ்சும். அவை வருடம் முழுக்க ஆள் எடுக்கின்றன, அதுவும் நல்ல வழிதான். ஆனால் பெரிய ஸ்கீம் ஒன்றைக் குறி வைப்பவர் சிவியை ஜூலை, ஓகஸ்டில் இங்கேயே முடித்திருக்க வேண்டும்.

அடுத்தது விசாக் கணக்கு. 12 மாதமோ அதற்கு மேலோ போகும் படிப்புக்கு மாணவர் விசா, படிப்பு முடிந்து 4 மாதம் வரை செல்லும். அந்த விசா முடிவதற்குள், பிரித்தானியாவுக்குள் இருந்துகொண்டே, படிப்புக்குப் பிறகு அங்கே வேலை செய்ய விடும் கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் படித்து முடித்துவிட்டீர்கள் என்று பல்கலைக்கழகம் உள்துறைக்கு அறிவித்த பிறகுதான் விண்ணப்பிக்கலாம். அந்த அறிவிப்புக்கு முன்னால் ஊருக்கு ஒரு தடவை வந்து போகலாம் என்று டிக்கெட் போடுகிறவர்கள் திகதியை இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கிராஜுவேட் விசா இதுவரை 2 வருடமாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். கலாநிதிப் பட்டம் முடித்தவர்களுக்கு மட்டும் 3 வருடம். 2026 செப்டெம்பரில் போகிறவர் விண்ணப்பிப்பது 2027 கடைசியிலோ 2028 ஜனவரியிலோ. அப்படியென்றால் அவருக்கு 18 மாதம். "ரெண்டு வருஷம் இருக்கு தம்பி" என்று இன்னும் சொல்கிற முகவரிடம் இந்தத் திகதியைக் காட்டுங்கள்.

செலவும் அந்த நேரத்தில்தான் வந்து சேரும். 2025 ஏப்ரலில் இந்த விசாவின் கட்டணம் 880 பவுணாக இருந்தது. சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 1,035 பவுண், முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். 2 வருடத்துக்கென்றால் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 3,000 பவுண், 18 மாதத்துக்கு அதில் கொஞ்சம் குறையும். வீட்டு வாடகையும் டிசர்டேஷனும் கழுத்தைப் பிடிக்கும் மாதங்களில் இந்தக் காசைப் புரட்டுவது கஷ்டம். முதல் மாதத்திலிருந்தே தனியாக ஒரு கணக்கில் போட்டு வாருங்கள்.

பெயர்

சின்ன விஷயம் மாதிரித் தெரியும். நம்முடைய பிள்ளைகளுக்கு அதிகம் இழுபறி வருவது இதில்தான்.

பிறப்புச் சான்றிதழ் தமிழில். உயர்தரச் சான்றிதழில் முதலெழுத்தும் பெயரும். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். பழைய வேலைக் கடிதத்தில் இன்னொரு எழுத்துக்கூட்டல். முஹம்மது என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! இங்கே யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. அங்கே வேலை கொடுப்பவர் பின்னணிச் சோதனைக்கு ஒரு தனி நிறுவனத்திடம் அனுப்புவார். அந்த நிறுவனத்துக்கு எஸ். பிரியாவும் சிவகுமார் பிரியாவும் இரண்டு பேர்.

செய்ய வேண்டியது இதுதான். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை அடிப்படையாக வையுங்கள். சிவி, மின்னஞ்சல் முகவரி, லிங்க்ட்இன், பல்கலைக்கழகப் பதிவு எல்லாவற்றிலும் அதே கூட்டல், அதே வரிசை. பட்டச் சான்றிதழில் எந்தப் பெயர் அச்சாகும் என்பதைப் படிக்கும்போதே பல்கலைக்கழகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். பழைய ஆவணங்களில் உள்ள வேறுபாட்டுக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கையில் வையுங்கள். பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுக்கும்போது, கடவுச்சீட்டின் பிரதியையும் கூடவே கொடுங்கள். கொடுக்காவிட்டால் அவர் தன் கைப்பழக்கத்தில் ஒரு கூட்டல் போட்டுவிடுவார்.

கடவுச்சீட்டின் காலத்தையும் பாருங்கள். கனடாவில் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி, கடவுச்சீட்டு முடிகிற திகதியைத் தாண்டிக் கிடைக்காது. 3 வருட அனுமதிக்குத் தகுதி இருந்தும் கடவுச்சீட்டில் 14 மாதமே மிச்சம் என்றால் முதலில் கிடைப்பது 14 மாதம். பிறகு நீடிக்கலாம், ஆனால் அது இன்னொரு விண்ணப்பம், இன்னொரு காத்திருப்பு. தூதரகம் வழியாகப் புதுப்பிக்க அலைவதை விட, போவதற்கு முன்பே வவுனியா பிராந்திய அலுவலகத்துக்கு ஒரு நடை போய்ப் புதிதாக எடுப்பது மேல்.

சிவியில் எதை வெட்டுவது

நாம் இங்கே எழுதும் சிவி ஒரு தனி ரகம். முழுப் பெயர், தகப்பன் பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, மதம், திருமணமானவரா இல்லையா, சாதாரண தரத்தின் ஒவ்வொரு பாடத்துக்கும் பெறுபேறு, மேலே ஒரு கோட் போட்ட படம், கீழே "மேற்கூறியவை யாவும் உண்மை" என்று கையெழுத்து. பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா மூன்றுக்கும் இவ்வளவும் வேண்டாம். படம் வேண்டாம், வயது வேண்டாம், மதம் வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கத்துக்கு மேல் போகவும் வேண்டாம். ஜேர்மனியில் மட்டும் படம் வைக்கும் வழக்கம் இன்னும் மிச்சம் இருக்கிறது. கிராம சேவையாளரின் நற்சான்றிதழை விசாக் கோப்பில் வையுங்கள், வேலை விண்ணப்பத்தோடு இணைக்காதீர்கள்.

வெட்டிய இடத்தில் என்ன போடுவது? இங்கே செய்த வேலை. "என்னட்ட அனுபவம் இல்லை" என்று சொல்கிற பிள்ளை, கிளறிப் பார்த்தால், இரண்டு சீசன் உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் நின்றிருக்கும். அதை எப்படி எழுதுகிறார்கள்? "ஹோட்டலில் வரவேற்பாளராக வேலை செய்தேன்." அவ்வளவுதான். அந்த ஒரு வரியை இப்படி விரித்துப் பாருங்கள்: "ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான சீசனில் 30 அறைகளுக்கான முன்பதிவைக் கவனித்தேன். இரண்டு இணையத்தளங்களில் ஒரே அறை இரண்டு பேருக்குப் பதிவாகும் பிரச்சினைக்கு எக்செல் அட்டவணை ஒன்று செய்தேன். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் விருந்தினருடன் பேசினேன்." எத்தனை, எதற்கு, என்ன ஆனது, இந்த மூன்றும் வந்துவிட்டது. பொய் ஒன்றும் சேர்க்கவில்லை. மூன்று மொழி என்பது நமக்குச் சாதாரணம், அங்கே அது ஒரு தகுதி. மறக்காமல் எழுதுங்கள்.

வேலை செய்த இடத்தில் கடிதம் வாங்குவதைப் பயணத்துக்கு முதல் வாரம் வரை தள்ளிப் போடாதீர்கள். தலைப்புத்தாளில், தொடங்கிய திகதி, முடித்த திகதி, பதவி, செய்த வேலை, கையெழுத்திட்டவரின் பெயரும் அலுவலக மின்னஞ்சலும் இருக்க வேண்டும். "நல்ல பிள்ளை, ஒழுக்கமானவர்" என்று மட்டும் எழுதிய கடிதத்தால் பயனில்லை. பின்னணிச் சோதனை செய்பவர் அந்த மின்னஞ்சலுக்கு எழுதிப் பார்ப்பார். முதலாளி ஜிமெயில் மட்டும் பாவிக்கிறார் என்றால் தொலைபேசி எண்ணையும் பதிவு எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே ஒரு அனுபவமும் இல்லையா? பயணத்துக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. தரவுப் பகுப்பாய்வு படிக்கப் போகிறவர் ஒரு மாதம் மீன் சந்தையில் காலை விலையைக் குறித்து, கடல் கொந்தளித்த நாட்களோடு ஒப்பிட்டு, ஒரு சின்ன அறிக்கை எழுதலாம். தளவாடத் துறைக்குப் போகிறவருக்குத் துறைமுகமும் சீனக்குடாவில் பிறிமா மாவு ஆலையும் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. தானியம் கப்பலில் வந்து மாவாகி லொறியில் போகும் ஊரில் இருந்துகொண்டு புத்தகத்தில் மட்டும் சப்ளை செயின் படிப்பது வீண். உள்ளே பயிற்சி கிடைக்காவிட்டாலும், அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் ஒரு மணித்தியாலம் கேட்டு வைத்தால் பிறகு நேர்முகத்தில் பேச விஷயம் இருக்கும்.

ஆட்களைப் பிடிப்பது

ஹரோ, ஈஸ்ட் ஹாம், ஸ்கார்பரோ என்று எங்கே போனாலும் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார். கடையிலோ பெற்றோல் நிலையத்திலோ வேலை சொல்லித் தருவார். அந்த வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், வாடகை அதில்தான் போகும். ஆனால் அந்த வட்டத்துக்குள்ளேயே நின்றால் துறை வேலை தானாக வராது. உங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்கு அந்த நாட்டில் கிளை இருக்கிறதா என்று கேளுங்கள். லிங்க்ட்இன்னில் ஊர்ப் பெயரையும் துறையையும் போட்டுத் தேடுங்கள். ஒரு ஆள் கிடைத்ததும் "அண்ணா, எனக்கொரு வேலை எடுத்துத் தாங்கோ" என்று எழுதிவிடாதீர்கள். வேலை எடுத்துத் தர அவரால் முடியாது, அதைச் சொல்லவும் சங்கடப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். இப்படி எழுதுங்கள்:

"வணக்கம் அக்கா. நீங்கள் படித்த பாடசாலையில்தான் நானும் உயர்தரம் படித்தேன். செப்டெம்பரில் லீட்ஸில் சப்ளை செயின் மாஸ்டர்ஸ் தொடங்குகிறேன். நீங்கள் அந்தத் துறையில் இருப்பதைப் பார்த்தேன். முதல் வேலைக்கு எப்படிப் போனீர்கள், இப்போது ஆள் எடுக்கும்போது எதைப் பார்க்கிறார்கள் என்று 20 நிமிடம் கேட்க முடியுமா? உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள்."

கோடையில் லண்டன் மாலை 6 மணி என்றால் இங்கே இரவு 10.30. முழித்திருந்து பேசுங்கள். பேசி முடித்த அடுத்த நாள் ஒரு வரி நன்றி, மூன்று மாதம் கழித்து அவர் சொன்னதைச் செய்தேன் என்று இன்னொரு வரி. ஆறாம் மாதம் அவருடைய நிறுவனத்தில் ஒரு இடம் வந்தால் அவருக்கு உங்கள் பெயர் ஞாபகத்துக்கு வரும்.

ஸ்பொன்சர் பட்டியலைப் பாவிக்கும் விதம்

பிரித்தானியாவில் வெளிநாட்டவருக்கு வேலை விசா கொடுக்க அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அந்நாட்டு அரசு தன் இணையத்தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இதைக் காசுக்கு விற்கிற ஆட்களும் இருக்கிறார்கள், வாங்காதீர்கள். இறக்கி எக்செல்லில் திறந்தால் நிறுவனம், நகரம், தரம், விசா வகை என்று நிரல்கள் இருக்கும். விசா வகையில் ஸ்கில்ட் வேர்க்கரை (துறைத் திறனுள்ள வேலைக்கான விசா) மட்டும் வடிகட்டி, பிறகு உங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் நகரத்தை வடிகட்டுங்கள். உணவகம், பராமரிப்பு இல்லம் எல்லாம் கலந்து வரும். உங்கள் துறைக்குப் பொருந்துகிற 40 நிறுவனங்களைத் தனித் தாளுக்கு எடுங்கள். ஒவ்வொன்றின் வேலைப் பக்கத்தையும் வாரத்துக்கு ஒரு தடவை பாருங்கள். பட்டியலில் இருப்பதால் எல்லா வேலைக்கும் ஸ்பொன்சர் செய்வார்கள் என்று அர்த்தமில்லை, விளம்பரத்தில் பார்க்க வேண்டும்.

சம்பளமும் முக்கியம். 2025 ஜூலை முதல் ஸ்கில்ட் வேர்க்கர் விசாவுக்குப் பொதுவான குறைந்தபட்சம் வருடத்துக்கு 41,700 பவுண். மாணவர் விசாவிலோ கிராஜுவேட் விசாவிலோ இருந்து மாறும் புதியவர்களுக்கு 33,400 என்ற குறைந்த எல்லை உண்டு. தொழிலுக்குத் தொழில் தனி எல்லையும் இருக்கிறது, இரண்டில் எது கூடவோ அதுதான் கணக்கு. புதியவர் என்ற சலுகை மொத்தம் 4 வருடம்தான், கிராஜுவேட் விசாவில் கழித்த காலமும் அதற்குள் அடங்கும். சில முதலாளிமாருக்கே இந்தச் சலுகை தெரியாது. நேர்முகத்தில் நீங்களே மரியாதையாக எடுத்துச் சொல்லலாம்.

விண்ணப்பப் படிவத்தில் "உங்களுக்கு ஸ்பொன்சர்ஷிப் தேவையா?" என்று ஒரு கேள்வி வரும். பயந்து "இல்லை" என்று போட்டுவிட்டு ஒரு வருடம் கழித்து விசா கேட்டால் நம்பிக்கை போய்விடும். இடம் இருந்தால் உள்ளதை எழுதுங்கள்: இந்தத் திகதி வரை எந்த ஸ்பொன்சரும் இல்லாமல் முழுநேரம் வேலை செய்யலாம், அதற்குப் பிறகு தேவைப்படும்.

ஸ்பொன்சர்ஷிப் பத்திரம், அதாவது சிஓஎஸ், 15,000 பவுணுக்குத் தருகிறேன் என்று வட்ஸ்அப்பில் வருகிற செய்திகளுக்குப் பதிலே போடாதீர்கள். வேலைக்காகக் காசு கேட்டால் அங்கே வேலை இல்லை. அப்படியொரு பத்திரம் கையில் வந்தாலும் நிறுவனத்தின் அனுமதி ரத்தானால் உங்கள் விசாவும் போகும், கொடுத்த காசும் திரும்பாது.

படிக்கும்போது வேலை

பிரித்தானியாவில் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம். கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24. அவுஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. ஜேர்மனியில் வருடத்துக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள். ஒரு வாரம் மீறினால் யாருக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். சம்பளப் பதிவு வரித் திணைக்களத்துக்குப் போகிறது, அடுத்த விசாவின்போது அது பேசும்.

பிரித்தானிய மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிகளில் ஓடுவது சுயதொழில். இன்னொருவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓடுவது அதைவிட மோசம். கையில் காசாகத் தருகிறேன், பதிவு வேண்டாம் என்று நம்மவரே கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பேஸ்லிப் இல்லாத வேலை சிவியில் ஏறாது, சம்பளம் தராமல் விட்டால் கேட்கவும் வழியில்லை.

தெரிவு இருந்தால் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே வேலை பாருங்கள். நூலகம், மாணவர் தூதுவர், ஆய்வு உதவியாளர். சம்பளம் கடையைவிடப் பெரிதாக அதிகம் இருக்காது, ஆனால் அங்கே உங்களைத் தெரிந்த ஒருவர் நல்ல ஆங்கிலத்தில் றெஃபரன்ஸ் எழுதுவார். கரியர் சேர்விஸ் என்ற அலுவலகம் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது, நீங்கள் கட்டும் கட்டணத்திலேயே அது அடக்கம். முதல் இரண்டு வாரத்துக்குள் சிவியோடு போய்ப் பதிவு போடுங்கள்.

நேர்முகம்

அங்கே கேட்கும் கேள்விகளில் பாதி "ஒரு தடவை நீங்கள்..." என்றுதான் தொடங்கும். ஒரு தடவை நீங்கள் கோபமான வாடிக்கையாளரைக் கையாண்டது, ஒரு தடவை கால எல்லை தவறப் பார்த்தது. நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, என்ன செய்தீர்கள், முடிவு என்ன என்ற வரிசையில் இரண்டு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். நம்மவர்கள் அடக்கமாக "எல்லாரும் சேர்ந்து செய்தோம்" என்று முடித்துவிடுவார்கள். கேட்பவருக்கு உங்கள் பங்கு தெரியாது, மதிப்பெண்ணும் போட மாட்டார். ஆறேழு சம்பவங்களை இங்கிருந்தே எழுதி, தொலைபேசியில் பதிவு செய்து, கேட்டுப் பாருங்கள். முதல் சுற்று பெரும்பாலும் ஆளே இல்லாமல் கமராவைப் பார்த்துப் பதில் சொல்வதாக இருக்கும், அதற்கு இந்தப் பழக்கம் உதவும்.

மற்ற நாடுகள், சுருக்கமாக

கனடாவில் படிப்பு முடிந்ததற்கான கடிதம் அல்லது பெறுபேறு கிடைத்து 180 நாட்களுக்குள் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2024 நவம்பர் 1க்குப் பிறகு மொழித் தேர்வுப் பெறுபேறும் தேவை. கல்லூரிப் பாடநெறிகள் எல்லாவற்றுக்கும் இந்த அனுமதி கிடைப்பதில்லை, ஆகவே காசு கட்டும் முன் நிறுவனத்தையும் பாடநெறியையும் இரண்டையும் அரசின் பட்டியலில் பாருங்கள். அவுஸ்திரேலியாவில் படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவான 485க்குப் பெரும்பாலானோருக்கு வயது 35க்கு மேல் போகக் கூடாது. ஐஈஎல்டிஎஸ் விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் எழுதியதாக இருக்க வேண்டும், போகும்போது எழுதிய பெறுபேறு அப்போது செல்லாது. ஜேர்மனி பட்டம் முடித்தவருக்கு வேலை தேட 18 மாதம் கொடுக்கிறது, தாராளம்தான். ஆனால் ஆங்கிலத்தில் படித்தாலும் அலுவலகம் பெரும்பாலும் ஜேர்மன் மொழியில் நடக்கும். கொழும்பு கோதே நிறுவனத்தில் தேர்வு எழுதுகிற அளவுக்கு இங்கிருந்தே படித்துவிட்டுப் போங்கள்.

தாதியர், பொறியியல், கணக்கியல், சட்டம் மாதிரிப் பதிவு வேண்டிய தொழில்கள் வேறு கதை. பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்வதற்கு முன் அந்த நாட்டின் பதிவுச் சபை அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்று பாருங்கள். இலங்கையில் பொறியியல் பட்டம் முடித்தவர்கள், தங்கள் பட்டம், பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையின் கீழ் வருகிறதா என்று இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தில் கேட்டு வைத்தால் பிறகு தகுதி மதிப்பீடு சுலபமாகும்.

திரும்பி வருவதாக இருந்தால்

வேலை கிடைக்காமல் திரும்பினாலும், விரும்பித் திரும்பினாலும், ஒரு காகிதம் முக்கியம். இங்கே அரச வேலைக்கு வெளிநாட்டுப் பட்டத்தைக் காட்டும்போது, அந்தப் பல்கலைக்கழகம் ஏற்கப்பட்டது என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கடிதத்தைக் கேட்பார்கள். ஏற்கப்பட்டதா என்பதைக் கட்டணம் கட்டும் முன்பே ஆணைக்குழுவிடம் கேட்டுவிடலாம். அங்கிருந்து கிளம்பும்போது பட்டச் சான்றிதழ், பாடவாரியான பெறுபேறு, பாடத்திட்ட விவரம் மூன்றையும் மூலப் பிரதியாகவே கொண்டு வாருங்கள். பேஸ்லிப்புகளையும் வேலைக் கடிதத்தையும் அந்தக் கோப்பிலேயே போடுங்கள், கொழும்பில் இருக்கிற நிறுவனங்கள் கேட்கும்.